துல்லியமான துல்லியோ

(இயந்திரவியல் துறை, 2008–2012 அணி)

மலரில் வாழ்க்கை வரலாறு என்றால் வழக்கமாக விஸ்வேஸ்வரய்யா வருவார், எடிசன் வருவார், கலாம் வருவார். மூவருமே கும்பிடத்தக்கவர்கள்தான். அவர்களைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக் கூடியவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது வேறு ஆள். அவர் அணை கட்டவில்லை, ராக்கெட் விடவில்லை. சைக்கிளுக்கு உதிரி பாகம் செய்தார், அவ்வளவுதான். பெயர் துல்லியோ காம்பன்யோலோ. ஊர் இத்தாலியில் விச்சென்ஸா. காலம் 1901 முதல் 1983 வரை.

சைக்கிள் பாகம்தானே என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். டூர் தி பிரான்ஸ் பந்தயத்தை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். மூன்று வாரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், நடுவில் ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகள். இதே மாதிரி இத்தாலியைச் சுற்றி ஒரு பந்தயம் உண்டு, பெயர் ஜீரோ. பூஜ்யம் இல்லை, இத்தாலிய மொழியில் சுற்று என்று அர்த்தம். இந்தப் பந்தயங்களில் ஓடும் சைக்கிளின் பின்சக்கரத்துப் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தீர்மானித்த மனிதர் இவர். துல்லியம் என்கிற நம் தமிழ்ச் சொல்லுக்கும் இவர் பெயருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் பெயர்ப் பொருத்தம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

இரும்புக்கடைப் பிள்ளை

1901 ஆகஸ்ட் 26-ம் தேதி விச்சென்ஸாவில் பிறந்தார் துல்லியோ. அப்பா இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். ஆணி, போல்ட், நட்டு, சுத்தியல், பூட்டு எல்லாம் விற்கிற கடை. கடையில் வளர்கிற பிள்ளைக்கு ஒரு சௌகரியம் உண்டு. எந்தப் போல்ட் எந்த நட்டில் ஏறும், எந்த மரை இரண்டு முறை முடுக்கினால் தேய்ந்துபோகும் என்பதெல்லாம் புத்தகத்தைத் திறக்காமலே விரல் நுனிக்கு வந்துவிடும். கடைக்குப் பின்னால் இருந்த சின்னப் பட்டறைதான் துல்லியோவின் முதல் ஆய்வுக்கூடம்.

அவருக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. சைக்கிள் பந்தயம். 1922 முதல் அமெச்சூர் பந்தயங்களில் ஓட்ட ஆரம்பித்தார். மகா வீரர் என்று பெயர் எடுத்தவர் இல்லை. ஆனால் மலை ஏறும்போது தொடை எரிவது என்றால் என்ன, குளிரில் விரல் மரத்துப்போவது என்றால் என்ன என்று அவருக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். பட்டறை அறிவும் பந்தய அனுபவமும் ஒரே ஆளிடம் சேர்ந்ததுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

அந்தக் காலத்துப் பந்தய சைக்கிள்

1920களின் பந்தய சைக்கிள் எப்படி இருந்தது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டீல் ஃபிரேம், அகலமான டயர், தோள்மீது குறுக்காக மாட்டிய உபரி டியூபுலர் டயர். செயின் ஒரே பல்சக்கரத்தில் ஓடும். கியர் மாற்றும் கருவி கிடையாது.

அப்படியானால் மலை ஏறுவது எப்படி? பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் பல்சக்கரம் இருக்கும். ஒரு பக்கம் சின்னது, சமவெளிக்கு. இன்னொரு பக்கம் பெரியது, ஏற்றத்துக்கு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்னால் 46 பல், பின்னால் 16 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 6 மீட்டர் போகும். பின்னால் 22 பல் ஆக்கினால் அது சுமார் 4.4 மீட்டராகக் குறையும். வேகம் குறைவு, ஆனால் மிதிப்பது லேசு. ஏற்றம் ஆரம்பிக்கும் இடத்தில் வீரர் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, திருப்பிப் போட்டு, நட்டை முடுக்கி, மறுபடி ஏறி மிதிக்க வேண்டும். உச்சிக்குப் போனதும் மறுபடி இறங்கி, கழற்றி, திருப்பி, முடுக்கி. எதிரி எந்த இடத்தில் இறங்குகிறான் என்று பார்த்து, அவன் இறங்கும்போது நாம் இறங்காமல் ஓடிவிடுவதே அந்தக் காலத்தில் ஒரு தந்திரம்.

கியர் மாற்றும் கருவி என்ற ஒன்று அப்போது உலகத்திலேயே இல்லை என்று நினைக்க வேண்டாம். பிரான்சில் சுற்றுலா சைக்கிள்காரர்கள் பல ஆண்டுகளாக அதை உபயோகித்து வந்தார்கள். ஆனால் டூர் தி பிரான்ஸை 1903-ல் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சுக்கு அது பிடிக்காது. கியர் எல்லாம் வயதானவர்களுக்கு, வாலிபனுக்குத் தசைதான் கியர் என்கிற கட்சி அவர். வீரர் தன் வண்டியைத் தானே ரிப்பேர் செய்ய வேண்டும் என்பதும் அவருடைய விதி. 1913-ல் ஒய்ஜேன் கிறிஸ்தோஃப் என்ற வீரருக்குத் தூர்மாலே மலை இறக்கத்தில் முன் ஃபோர்க் உடைந்தது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து, அடிவாரத்து ஊரில் ஒரு கொல்லன் பட்டறையைக் கண்டுபிடித்து, தன் கையாலேயே ஃபோர்க்கைக் காய்ச்சி ஒட்டவைத்தார். அதிகாரிகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். துருத்தி ஊத ஒரு பையன் கை கொடுத்தான் என்பதற்காக அபராதம் வேறு போட்டார்கள்! டூர் தி பிரான்ஸில் தொழில்முறை வீரர்களுக்கு டிரெயிலர், அதாவது செயினைத் தள்ளும் கியர், அனுமதிக்கப்பட்டது 1937-ல்தான். அந்த ஆண்டு ரோஜே லாபெபி அப்படிப்பட்ட கியரோடு வென்றார்.

பனியில் ஒரு மலை

துல்லியோவின் கதையில் எல்லோரும் சொல்லும் சம்பவம் இந்தச் சூழ்நிலையில்தான் நடக்கிறது. 1924 நவம்பர். வெற்றிக் கோப்பைப் பந்தயம். இடம் வட இத்தாலியில் ஃபெல்த்ரே அருகே சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் உள்ள குரோச்சே தாவுனே கணவாய். பனி கொட்டுகிறது. துல்லியோ முன்னணியில் இருக்கிறார். பின்சக்கரத்தைத் திருப்பிப் போட இறங்குகிறார். அந்தக் காலத்தில் சக்கரத்தைப் பிடித்திருந்தது விங் நட்டு, அதாவது பட்டாம்பூச்சி மாதிரி இரண்டு இறக்கை வைத்த நட்டு. பனி அதில் இறுகிவிட்டது. விரல் மரத்துப்போயிருக்கிறது. திருகுகிறார், திருகுகிறார், நட்டு அசையவில்லை. மற்றவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். பின்னால் இருக்கிற இந்தச் சமாசாரத்தை மாற்றியே ஆக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தார் என்பது கதை.

இன்றைக்கு அந்தக் கணவாயில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னமே இருக்கிறது. ஆனால் நாம் இன்ஜினியர்கள், கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சம்பவம் நடந்தது 1924 என்று சிலரும் 1927 என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். சைக்கிள் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் கதையின் விவரங்கள் பிற்காலத்தில் மெருகேற்றப்பட்டவை என்று சந்தேகப்பட்டிருக்கிறார்கள். நியூட்டன் தலையில் விழுந்த ஆப்பிள் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆப்பிள் விழுந்ததோ இல்லையோ, ஈர்ப்பு விசை நிஜம். அதுபோல, அன்றைக்குப் பனி கொட்டியதோ இல்லையோ, விரைத்த விரலுக்கு விங் நட்டு சத்துரு என்பது நிஜம். அதற்குப் பதில் கண்டுபிடிக்க துல்லியோவுக்குச் சில வருஷம் பிடித்தது என்பதும் நிஜம்.

ஒரு நெம்புகோல், ஒரு கேம்

அவர் தந்த பதில்தான் குவிக் ரிலீஸ். இன்றைக்கு கியர் சைக்கிள் வைத்திருக்கும் எந்தப் பையனும் இதைப் பார்த்திருப்பான். ஆக்சில் உள்ளே கூடு. அந்தக் கூட்டுக்குள் ஒரு மெல்லிய கம்பி. கம்பியின் ஒரு முனையில் நட்டு, மறுமுனையில் சின்ன நெம்புகோல். நெம்புகோலின் அடியில் மையம் விலகிய ஒரு கேம். நெம்புகோலை மடக்கினால் கேம் சுழன்று கம்பியை இழுக்கிறது. இரு முனைகளும் ஃபிரேமை உள்நோக்கி அழுத்திப் பிடிக்கின்றன. கேம் உச்சியைத் தாண்டி ஒரு துளி அப்பால் போய் நிற்பதால் தானாகத் திறந்துகொள்ளாது. திறக்க வேண்டுமானால் ஒரே தட்டு.

வகுப்பில் கேம் பற்றிப் படிக்கும்போது ஏதோ எஞ்சின் வால்வுக்காக மட்டும் கடவுள் படைத்தது என்று நினைத்திருப்போம். இந்த மனிதர் அதை எடுத்துப் பட்டாணி அளவுக்குச் சுருக்கி, கையுறை போட்ட கைக்கும் கட்டுப்படுகிற பாகமாக மாற்றினார். ஸ்பேனர் வேண்டாம், விரல் பலம் வேண்டாம், உள்ளங்கை போதும். இதன் அழகே எது பிரச்சினை என்று அவர் சரியாகப் பிடித்ததில் இருக்கிறது. நட்டு இறுகியது பிரச்சினை இல்லை. திருகுவது என்கிற செயலே பிரச்சினை. திருகலை எடுத்துவிட்டு மடக்கலை வைத்தார்.

1933-ல் அப்பாவின் கடைப் பின்புறத்திலேயே காம்பன்யோலோ கம்பெனியை ஆரம்பித்தார். பெரிய ஆடம்பரம் ஒன்றும் இல்லை. முதல் முழுநேரப் பணியாளரை வேலைக்கு வைத்ததே 1940-ல்தான். ஏழு வருஷம் தானே டிசைனர், தானே ஃபிட்டர், தானே சேல்ஸ்மேன்.

பின்னால் கை நீட்டி கியர் மாற்றிய காலம்

சக்கரத்தைச் சுலபமாகக் கழற்றலாம் என்றதும் அடுத்த கேள்வி தானாக வந்தது. கழற்றாமலே மாற்ற முடியாதா? அதற்கு அவர் தந்த விடைதான் காம்பியோ கோர்ஸா. பந்தய கியர் என்று பொருள். 1940களில் இது பந்தயங்களில் புழக்கத்துக்கு வந்தது. இதன் வேலை செய்யும் விதத்தைக் கேட்டால் மயக்கம் வரும், பொறுமையாகப் படியுங்கள்.

சீட்டுக்குக் கீழே வலது பக்கக் குழாயை ஒட்டி இரண்டு நீளமான கம்பிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடி. வீரர் ஓட்டிக்கொண்டே கையைப் பின்னால் நீட்டி முதல் கைப்பிடியைத் திருப்புவார். குவிக் ரிலீஸ் திறந்து பின்சக்கரம் லூஸாகிவிடும். ஆமாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே! இரண்டாவது கைப்பிடியைத் திருப்பினால் ஒரு கவைக்கோல் செயினைப் பக்கத்துப் பல்சக்கரத்துக்குத் தள்ளும். அந்த நேரத்தில் பெடலைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். பல்சக்கரத்தின் அளவு மாறியதால் செயின் தொய்யும் அல்லது இறுகும். அதைச் சரிக்கட்ட ஃபிரேமில் பல் வெட்டிய பாதையில் சக்கரமே முன்னும் பின்னும் நகரும். நகர்ந்ததும் முதல் கைப்பிடியை மூடி சக்கரத்தை மறுபடி இறுக்க வேண்டும். இவ்வளவும் மலைப் பாதையில், கும்பலுக்கு நடுவில், ஒரு கையில்.

பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறதல்லவா? ஆனால் இதில் ஒரு நியாயம் உண்டு. செயினை இழுத்துப் பிடிக்கும் உருளைகள் இதில் கிடையாது. ஆகவே உராய்வு மிகக் குறைவு. நல்லது கெட்டது தெரிந்த வீரர்கள் அதற்காகவே இதை விரும்பினார்கள். 1938-ல் டூர் தி பிரான்ஸை வென்ற ஜீனோ பார்தாலி, நடுவில் உலகப் போர் தின்ற பத்து வருஷத்துக்குப் பிறகு 1948-ல் மறுபடி வென்றது இந்தக் காம்பியோ கோர்ஸாவை வைத்துத்தான். பிறகு இரண்டு கைப்பிடி வேலையை ஒரே கைப்பிடியில் அடக்கி ஒரு மாடல் செய்தார் துல்லியோ. 1950-ல் ஃபவுஸ்தோ கோப்பி, கல் பாவிய சாலைகளுக்குப் பேர்போன பாரிஸ்-ரூபே பந்தயத்தை அதை வைத்து வென்றார். அந்த மாடலுக்குப் பாரிஸ்-ரூபே என்ற பெயரே நிலைத்துவிட்டது.

தன் பிள்ளையைத் தானே ஓரம் கட்டியவர்

இங்கேதான் துல்லியோவின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் வருகிறது.

உங்கள் கம்பெனி செய்த பாகம் டூர் தி பிரான்ஸை வென்றுவிட்டது. அடுத்து இன்னொரு பெரிய பந்தயத்தை வெல்லப் போகிறது. ஆர்டர் குவிகிறது. இந்த நிலையில் சாதாரண முதலாளி என்ன செய்வார்? மிஷினை இரண்டு ஷிப்ட் ஓடவிட்டு அதே பாகத்தை அடித்துத் தள்ளுவார். துல்லியோ என்ன செய்தார் தெரியுமா? பாரிஸ்-ரூபே வெற்றி வருவதற்கு முந்தைய வருஷமே, 1949-ல், மிலான் கண்காட்சியில் அதை ஒழித்துக்கட்டப் போகும் புதிய கருவியின் மாதிரியைக் கொண்டுவந்து வைத்தார். பெயர் கிரான் ஸ்போர்ட்.

கிரான் ஸ்போர்ட்டின் உயிர்நாடி ஓர் இணைகரம். தியரி ஆஃப் மெஷின்ஸ் பேப்பரில் நான்கு இணைப்பு உறுப்புகளின் சங்கிலி என்று படித்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் சமம். ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டால், எதிர்ப் பக்கம் எங்கே நகர்ந்தாலும் முதல் பக்கத்துக்கு இணையாகவே இருக்கும், சாயாது. அந்த எதிர்ப் பக்கத்தில் செயின் ஓடும் இரண்டு சின்ன உருளைகள் கொண்ட கூட்டை மாட்டினார். கேபிளை இழுத்தால் கூடு உள்ளே போகும். கேபிளை விட்டால் ஸ்பிரிங் அதை வெளியே தள்ளும். எங்கே போனாலும் கூடு பல்சக்கரத்துக்கு நேராகவே நிற்கும்.

அந்தக் காலத்தில் போட்டியாக இருந்த பிரெஞ்சுக் கருவிகளில், முக்கியமாக சிம்ப்ளெக்ஸில், கூடு ஒரு தண்டின் மேல் வழுக்கிக்கொண்டு நகரும். சேறும் தூசியும் தண்டில் ஏறினால் சிக்கிக்கொள்ளும். வழுக்கும் இணைப்பைவிடச் சுழலும் இணைப்பு அழுக்கைத் தாங்கும் என்பது எந்த மெயின்டனன்ஸ் இன்ஜினியருக்கும் தெரிந்த விஷயம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இணைகரத்தைச் சைக்கிள் கியருக்கு முதலில் கொண்டுவந்தவர் துல்லியோ இல்லை. பிரான்சில் நிவெக்ஸ் என்ற கருவி 1930களின் இறுதியிலேயே அதை உபயோகித்தது, சுற்றுலா சைக்கிள்களில். கேபிள், உருளை, ஸ்பிரிங் எல்லாமே முன்னால் இருந்தவைதான். ஆனால் அந்தப் பாகங்களை ஒரே ஒரு கருவியில் சேர்த்து, ஆக்சிலுக்குக் கீழே தொங்கவிட்டு, பந்தயத்தின் அடியையும் உதையையும் தாங்கும்படி செய்து, ஒவ்வொன்றும் முதலாவதைப் போலவே இருக்கும்படி தயாரித்தவர் அவர். புதுசாகக் கண்டுபிடிப்பது ஒரு திறமை. இருப்பதைச் சரியாகச் செய்வது இன்னொரு திறமை. இரண்டாவதற்குப் பேடண்ட் கிடைக்காது, ஆனால் வாடிக்கையாளர் கிடைப்பார்.

1951 வாக்கில் கிரான் ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. சில வருஷத்துக்குள் காம்பியோ கோர்ஸாவைத் தேட வேண்டியதாகிவிட்டது. தன் பிள்ளையைத் தானே ஓரம் கட்டியதால், அடுத்தவன் வந்து ஓரம் கட்ட இடம் இல்லாமல் போனது.

போல்ட் முதல் பெட்டி வரை

1950களின் இரண்டாம் பாதியிலிருந்து துல்லியோவின் பார்வை விரிந்தது. கியர் மட்டும் செய்தால் போதாது, ஹப், கிராங்க், பெடல், ஹெட்செட், சீட் தண்டு, பிரேக் எல்லாமே ஒன்றுக்கொன்று பொருந்த ஒரே இடத்தில் தயாராக வேண்டும் என்று நினைத்தார். இன்று குரூப்செட் என்று எல்லாரும் சொல்லும் கருத்துக்கு உயிர் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். 1958-ல் ரெக்கார்ட் என்ற வரிசை தொடங்கியது. 1963-ல் ரெக்கார்ட் டிரெயிலர், 1967-ல் அலுமினியத்தில் நுவோவோ ரெக்கார்ட். எடி மெர்க்ஸ் 1969, 1970, 1971, 1972, 1974 ஆகிய ஐந்து முறை டூர் தி பிரான்ஸை வென்றபோது வண்டியில் இருந்தது காம்பன்யோலோ பாகங்கள்தான். அந்தக் காலப் புகைப்படங்களில் பந்தயக் கும்பலைப் பார்த்தால் முன்வரிசையில் இருப்பவன் வண்டியிலும் அதே பாகம், கடைசியில் மூச்சு வாங்குகிறவன் வண்டியிலும் அதே பாகம்.

விசேஷம் என்னவென்றால், கம்பெனி கேட்லாக்கில் ஒவ்வொரு சின்ன ஸ்குரூவுக்கும், வாஷருக்கும், ஸ்பிரிங்குக்கும் தனித்தனி எண் இருந்தது. ஒன்று தொலைந்தால் அதை மட்டும் வாங்கலாம். முழு பாகத்தையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. இரும்புக்கடைப் பிள்ளையின் புத்தி அது. ஒரு நட்டு இல்லாததால் வாடிக்கையாளர் படும் அவஸ்தை கல்லாவில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். மெக்கானிக்குகளுக்காக மரப்பெட்டியில் கருவிகளை அடுக்கி ஒரு முழு செட்டே விற்றார்கள். மரை வெட்டும் டை, முகம் சீவும் கட்டர், அளவு பார்க்கும் கேஜ் எல்லாம் அதில் உண்டு. இன்றைக்கும் பழைய சைக்கிள் பிரியர்கள் அந்தப் பெட்டியைக் கோயில் நகைப்பெட்டி மாதிரி பாதுகாக்கிறார்கள்.

ஃபிரேம் செய்கிறவர்களுக்காகப் பின்சக்கரம் உட்காரும் டிராப்அவுட்டையும் அவரே ஃபோர்ஜ் செய்து விற்றார். அதில் டிரெயிலர் தொங்குவதற்கு ஓர் ஓட்டை. 10 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் பிட்ச். அந்த அளவையே பிறகு வந்த போட்டிக் கம்பெனிகளும் ஏற்றுக்கொண்டன. இன்றும் உலகத்தில் ஏராளமான கியர் சைக்கிள்களில் அந்த மரைதான். ஜப்பான்காரன் கியரைக்கூட இத்தாலிக்காரன் ஓட்டையில்தான் மாட்ட வேண்டும் என்றால் அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது?

எல்லாமே குறையில்லாதது என்று சொல்ல மாட்டேன். நுவோவோ ரெக்கார்ட் கிராங்கில் கையும் ஐந்து விரல் ஸ்பைடரும் சேரும் மூலையில் வருஷக்கணக்கான மிதிக்குப் பிறகு விரிசல் விடுவது பழைய சைக்கிள்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. கூர்மையான மூலை, தகைவுக் குவிப்பு, களைப்பு முறிவு. கண்ணுக்கு அழகான வளைவுகள் செய்தவர்களுக்கே அந்த ஒரு மூலை தப்பிவிட்டது. டிசைன் படிக்கும் மாணவர்கள் அதன் படத்தை ஒருமுறையாவது தேடிப் பார்க்க வேண்டும்.

சைக்கிளுக்கு வெளியிலும் கை வைத்தார். மெக்னீசியம் வார்ப்பில் கம்பெனி கெட்டிக்காரத்தனம் காட்டியது. 1960களில் லம்போர்கினி மியூரா கார் ஓடியது காம்பன்யோலோ மெக்னீசியம் சக்கரத்தில். 1966-ல் ஒயின் பாட்டிலின் கார்க் பிடுங்கும் கருவி ஒன்று செய்தார். அதுவும் பெரிய, கனமான, நுட்பமான சாமான். அதையும் இன்றுவரை விரும்பி வாங்குகிறார்கள்.

கடைசிக் காலமும் பின்கதையும்

ஆனால் 1951-ல் தன் கண்டுபிடிப்பைத் தானே ஒழித்த அதே மனிதர், அடுத்த முப்பது வருஷம் கிரான் ஸ்போர்ட்டின் அடிப்படை உருவத்தைத் தொடவில்லை. உலோகம் மாறியது, எடை குறைந்தது, 1970களில் வந்த சூப்பர் ரெக்கார்டில் டைட்டானியம்கூட வந்தது. இணைகரம் மட்டும் அதே இணைகரம்.

இதற்குள் ஜப்பானில் ஒரு காரியம் நடந்துவிட்டது. 1964-ல் சன்டூர் என்ற பெயரில் பாகம் செய்த மாயேதா கம்பெனியைச் சேர்ந்த நொபுவோ ஒஸாகி, அந்த இணைகரத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்தார். ஏன் சாய்க்க வேண்டும்? பின்சக்கரத்துப் பல்சக்கரங்கள் படிக்கட்டு மாதிரி வெளியே சின்னது, உள்ளே பெரியது. உருளை படுக்கையாக நகர்ந்தால் பெரிய பல்சக்கரத்துக்கு அருகிலும் சின்னதற்கு ரொம்பத் தூரத்திலும் நிற்கும். தூரம் அதிகமானால் செயின் தாவுவது தாமதமாகும். இணைகரத்தைச் சாய்த்துவிட்டால் உருளை படிக்கட்டின் சரிவோடேயே இறங்கி ஏறும். தூரம் எங்கும் ஏறத்தாழ ஒரே அளவு. ஒரு சின்னச் சாய்வு, அவ்வளவுதான் வித்தியாசம்! ஆனால் அது மலிவான சுற்றுலா சைக்கிள்களில் வந்த கருவி. ஐரோப்பியப் பந்தயக்காரர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. 1973-ல் ஷிமானோ கம்பெனி ஃப்ளாண்ட்ரியா அணி மூலமாகப் பந்தய உலகத்துக்குள் நுழைந்தபோதும் பலர் அலட்டிக்கொள்ளவில்லை.

1983 பிப்ரவரியில் துல்லியோ காலமானார். கம்பெனி தொடங்கி சரியாக ஐம்பதாவது வருஷம். மகன் வாலந்தீனோ பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டே சன்டூரின் பேடண்ட் காலாவதியானது. ஷிமானோ சாய்வு இணைகரத்தை எடுத்துக்கொண்டது, கூடவே லீவரில் கிளிக் கிளிக் என்று ஒவ்வொரு கியருக்கும் ஒரு நிறுத்தம் வைத்தது. அதுவரை வீரர்கள் செயின் ஓடும் சத்தத்தைக் காதால் கேட்டு லீவரைச் சரிசெய்வார்கள். இனி காது வேண்டாம், கிளிக் போதும். விச்சென்ஸா இதற்குச் சரியான பதில் சொல்லச் சில வருஷம் பிடித்தது. அந்தச் சில வருஷத்துக்கு விலை பெரிசு.

1988 ஜூன் 5-ம் தேதி. ஜீரோ பந்தயம். காவியா கணவாய். பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. அன்றைக்குத் தலைமை வீரரின் இளஞ்சிவப்புச் சட்டையைப் பிடித்த அமெரிக்க இளைஞர் ஆண்டி ஹாம்ப்ஸ்டன், இறுதியில் பந்தயத்தையே வென்றார். அவர் வண்டியில் இருந்தது ஷிமானோ. இத்தாலியின் பெரிய பந்தயம், இத்தாலியின் மலை, கொட்டும் பனி, வென்றதோ ஜப்பான் பாகம். துல்லியோ உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு அவர் மனசு என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒருவேளை வருத்தப்பட்டுக்கொண்டே அந்த டிரெயிலரைக் கழற்றி மேஜையில் வைத்து, எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க உட்கார்ந்திருப்பார்.

கம்பெனி அழிந்துவிடவில்லை. 1990களில் எழுந்து நின்றது. 2011-ல் எலக்ட்ரானிக் கியர் கொண்டுவந்தது. ததேய் போகச்சார் 2020-லும் 2021-லும் டூர் தி பிரான்ஸை வென்றது காம்பன்யோலோ பாகங்களில்தான். ஆனால் 2024-ல் ஆடவர் முதல்தர அணிகளில் ஒன்றில்கூட அந்தப் பெயர் இல்லாத நிலை வந்தது. 2025-ல் பிரான்சின் கோஃபிடிஸ் அணி வழியாகத் திரும்பி வந்தது. ஏற்றமும் இறக்கமும் சைக்கிளுக்குப் புதுசா என்ன?

தம்பி, தங்கைகளுக்கு

இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களிடம் இரண்டு விஷயம் மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷமாக உற்பத்தித் துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரிய உபதேசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலாவது, உபயோகிக்கிறவனின் கை. டிராயிங் போர்டில், இப்போது கம்ப்யூட்டர் திரையில், எல்லா நட்டும் அழகாகத்தான் சுழலும். அதை இரவு இரண்டு மணிக்கு, எண்ணெய்க் கையோடு, குனிய முடியாத இடத்தில் நின்று கழற்றப் போகிற ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார். துல்லியோ டிசைனராகவும் அந்த ஃபிட்டராகவும் ஒரே ஆளாக இருந்தார். நமக்கு அந்த வாய்ப்பு இல்லாவிட்டால் பட்டறைக்கு இறங்கிப் போய் அந்தக் கையைப் பார்த்துவிட்டு வரலாம். செலவில்லாத ஆராய்ச்சி அது.

இரண்டாவது, கொஞ்சம் கசப்பானது. ஜெயித்துக்கொண்டிருக்கும் பாகத்தை மாற்றத் துணிவது கடினம். துல்லியோ ஒருமுறை துணிந்தார், முப்பது வருஷம் ராஜாவாக இருந்தார். இரண்டாவது முறை அந்தத் துணிவு அவருக்கும் வரவில்லை, அவர் கட்டிய கம்பெனிக்கும் உடனே வரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய மனிதருக்கே ஒருமுறைதான் முடிந்தது என்றால், அந்த ஒருமுறை எவ்வளவு அபூர்வம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்த முறை கியர் சைக்கிள் ஒன்று எங்காவது நின்றிருந்தால், பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து பாருங்கள். அந்தச் சின்ன நெம்புகோலும், தொங்குகிற இணைகரமும், 10 மில்லிமீட்டர் ஓட்டையும் தெரியும். பாகத்தில் எந்தக் கம்பெனியின் பெயர் எழுதியிருந்தாலும் சரி, அந்த இடத்தில் விச்சென்ஸா இரும்புக்கடைப் பிள்ளை கொஞ்சம் இருக்கிறார்.